வாசகர் கேள்வி – பதில்: ஒரே பாடல், ஒவ்வோர் இரவும் வேறு

கேள்வி: என் மகன் வேலை முடிந்து வந்ததும் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ரொக் குழுவின் கச்சேரிப் பதிவுகளைத்தான் கேட்கிறான். ஒரே பாடலைப் பத்துக் கச்சேரிகளிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறான். கூட்டத்தின் கூச்சலும், சுருதி சேர்க்கும் ஓசையும், பாடகர் வரியை மறந்து தடுமாறுவதும்கூட அவற்றில் கேட்கின்றன. ஸ்டூடியோவில் துப்புரவாகப் பதிந்த பாடல் இருக்கும்போது இவற்றில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, தலவாக்கலை

பதில்: அம்மா, உங்கள் மகனிடம் இருப்பவை ஒரே பெயரைத் தாங்கிய பத்து வெவ்வேறு இசைகள் என்றே நான் சொல்வேன். 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கி, கிற்றார் கலைஞர் ஜெரி கார்சியா 1995 ஓகஸ்டில் மறையும் வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகளை நடத்திய அந்தக் குழு, அன்றிரவு என்னென்ன பாடப் போகிறோம் என்பதைப் பெரும்பாலும் மேடையில் நின்றபடியே முடிவு செய்தது. அவர்களுடைய 'டார்க் ஸ்டார்' என்ற பாடல் 1968இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது மூன்று நிமிடங்கள்கூட ஓடவில்லை. அதே பாடல் 1969இல் வெளிவந்த 'லைவ்/டெட்' என்ற கச்சேரித் தொகுப்பில் 23 நிமிடங்களாக விரிந்தது. 1972 ஓகஸ்டில் ஒரிகன் மாநிலத்து வெனீட்டாவில் கொளுத்தும் வெயிலில் வாசித்தபோது அரை மணி நேரத்தையும் தாண்டியது. பாட்டின் வரிகளோ அதே சில வரிகள்தான். மிகுதி நேரம் முழுவதும் கார்சியாவின் கிற்றாரும், பில் லெஷின் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிற்றாரும், பொப் வியரின் தாளக் கிற்றாரும், ட்ரம்ஸும் ஒன்றையொன்று உற்றுக் கேட்டபடி வழி தேடிச் செல்வதாகவே இருக்கும்.

திருவிழாவில் சுவாமி வீதி வலம் வரும்போது நாதஸ்வர வித்துவான் ஓர் இராகத்தை விரிப்பதைக் கேட்டவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. நேற்றுக் கேட்ட தோடிதான் இன்றும் வாசிக்கப்படுகிறது என்று யாரும் எழுந்து போவதில்லை. இன்று அவர் அதற்குள் எந்த வழியாக நுழைகிறார், தவில்காரர் எந்த இடத்தில் அவரை மறிக்கிறார் என்பதற்காகவே தெருமுனை வரை கூடவே நடக்கிறோம். அக்கணத்தின் கற்பனையிலிருந்தே இசையை விரிக்கும் அந்த மனோதர்மத்தைத் தனியொருவர் முன்னின்று நடத்தாமல், ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில், யார் தலைவர் என்று வகுத்துக்கொள்ளாமல் செய்து பார்ப்பதையே ஜாம் என்கிறார்கள்.

நீங்கள் குறையாகச் சொன்ன தடுமாற்றங்களுக்கும் இதில் இடம் உண்டு. ஸ்டூடியோவில் பிழை நேர்ந்தால் மறுபடியும் வாசித்து முதலாவதை அழித்துவிடலாம். மேடையில் ஒருவர் தவறான இடத்தில் திரும்பினால் மற்றவர்கள் அக்கணமே அவரைத் தொடர வேண்டும், அல்லது அவரை மீட்டுக் கொண்டுவர வேண்டும். அந்த முடிவு எடுக்கப்படும் இரண்டு மூன்று வினாடிகளைக் காதால் கேட்க முடிவதுதான் இப்பதிவுகளின் உயிர் என்பது என் எண்ணம். எல்லா இரவுகளும் சிறந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். இறுதி ஆண்டுகளில் கார்சியாவின் உடல்நலம் குன்றி, குரல் மெலிந்து, விரல்களும் தளர்ந்துபோன இரவுகளைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகளில் அமெரிக்கத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் ஒரேயொரு பாடல்தான் நுழைந்தது (1987இல்) என்ற நிலையிலும் அந்தக் குழுவை இலட்சக்கணக்கானோர் நெஞ்சில் வைத்திருப்பதற்கு மேடையைத் தவிர வேறு காரணம் இல்லை.

கேள்வி: கச்சேரிக்கு வந்தவர்கள் தாங்களே ஒலிப்பதிவு செய்ய அந்தக் குழு அனுமதித்தது என்று வாசித்தேன். அது உண்மையா? அதனால் அவர்களுக்கு நட்டம் ஏற்படவில்லையா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: உண்மைதான். தொடக்கத்தில் ரசிகர்கள் ஒளித்து மறைத்துத்தான் கருவிகளைக் கொண்டு சென்றார்கள்; குழு அதைப் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டது. நாளடைவில் ஒலிவாங்கிகளைத் தாங்கிய நெடிய கம்பங்கள் பின்னால் இருப்பவர்களுக்கு மேடையை மறைக்கும் அளவுக்குப் பெருகியபோது, 1984 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் தொடங்கி, ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் பதிவு செய்வோருக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, தனி நுழைவுச்சீட்டும் கொடுத்தார்கள். நாங்கள் வாசித்து முடித்தபின் அந்த இசை கேட்டவர்களுக்குச் சொந்தம் என்பதே கார்சியாவின் நிலைப்பாடு. பதிவை விற்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையை மட்டும் ரசிகர்களே காவல் நின்று காத்தார்கள். உங்களுக்கு ஒரு கச்சேரி வேண்டுமென்றால் வெற்றுக் கசெட்டையும் தபால் செலவையும் அனுப்புவீர்கள். முகம் தெரியாத ஒருவர் இரவு கண்விழித்துப் படியெடுத்துத் திருப்பி அனுப்புவார்.

நானும் முதன்முதலில் அப்படிப் பல கை மாறிய ஒரு படியைத்தான் கண்டியில் ஒரு நண்பரிடம் வாங்கிக் கேட்டேன். படியின் படியாக அது இறங்கி வந்திருந்ததால் தகரக் கூரையில் தூறல் விழுவதைப் போன்ற ஓர் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. தொண்ணூறு நிமிடக் கசெட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். சரியாக அந்த நாற்பத்தைந்தாவது நிமிடத்தில், கிற்றார் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே நாடா 'டக்'கென்று நின்றது. திருப்பிப் போட்டபோது அவர்கள் வேறோர் இடத்தை அடைந்திருந்தார்கள். நடுவில் விடுபட்ட அந்தச் சில வினாடிகளை நான் இன்றுவரை மனதுக்குள் வாசித்துப் பார்க்கிறேன்.

நட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பதிவைக் கேட்டவர், அடுத்த இரவு வேறாக இருக்கும் என்பதை அறிந்து நுழைவுச்சீட்டு வாங்கினார். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கச்சேரிகள் வழியே மிக அதிக வருமானம் பெற்ற குழுக்களுள் அதுவும் ஒன்று.

கேள்வி: என்னிடம் இருப்பது கைபேசியும் கொஞ்சம் டேட்டாவும்தான். ஒரேயொரு பதிவைக் கேட்பதென்றால் எதைக் கேட்கலாம்?
– வாசகர், கொட்டகலை

பதில்: 1977 மே 8ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்து இத்தாக்கா நகரில், கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் நடந்த கச்சேரி. மே மாதமாக இருந்தும் அன்றிரவு அங்கே பனி பெய்தது. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில், முன்னால் நிற்பவர்கள் நசுங்குகிறார்கள், எல்லோரும் ஓர் அடி பின்னால் செல்லுங்கள் என்று மேடையிலிருந்து கூட்டத்தைக் கேட்டுக்கொள்வதையும் அதில் கேட்கலாம். தேர் இழுக்கும் இடத்தில் நின்று பழகிய நமக்கு அந்த நெரிசல் உடனே விளங்கும். அதையடுத்து 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்' தொடங்கி, இடைவெளியே விடாமல் 'ஃபயர் ஒன் த மவுன்டன்' பாடலுக்குள் கரைகிறது. முதற்பாடல் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே பிறந்தது என்று கையை வைத்துக் காட்ட முடியாது. பேஸ் கிற்றாரை மட்டும் காதால் பின்தொடர்ந்து பாருங்கள். திருப்பத்தை அங்கே பிடித்துவிடலாம். இரண்டாவது பாடல் இரண்டே சுரக்கூட்டுகளின் (ஒருசேர ஒலிக்கும் சுரங்கள், chords) மேல் நிற்பது. கார்சியா அந்தச் சிறிய முற்றத்திலேயே எத்தனை விதமாக நடந்து காட்டுகிறார் என்பது வியப்பு.

அப்பதிவைச் செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பொறியாளர். அவர் எடுத்த நாடாக்கள் பல, வாடகை கட்டப்படாத களஞ்சிய அறையொன்றில் கிடந்து, 1986இல் ஏலத்தில் போயின. அவற்றுள் பூஞ்சணம் பிடித்தவற்றைத் துடைத்து மீட்டவர்களும் ரசிகர்கள்தாம். கோர்னெல் கச்சேரி 2011ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முறைப்படி தொகுப்பாக வெளிவந்தது 2017இல்தான். நாற்பது ஆண்டுகள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி உயிரோடு வைத்திருந்தவர்கள் சாதாரண மனிதர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மன்மதன் கதையைப் பாடி ஆடும் காமன் கூத்தைக் கைபேசியில் பதிவு செய்கிறோம். பிறகு கேட்டால் தப்பு மேளத்தின் அதிர்வு மட்டுமே நிற்கிறது, மதன் ரதி பாட்டு அமுங்கிவிடுகிறது. அந்த ரசிகர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா?
– இளைஞர் குழு, ஹட்டன் பகுதி

பதில்: நிறைய உண்டு. அவர்கள் ஒலிவாங்கியைத் தலைகளுக்கு மேலே உயர்த்திக் கட்டினார்கள். நீங்களும் கைபேசியைக் கையில் பிடிக்காமல், ஒரு மூங்கில் கழியில் கட்டி, பாடுபவரை நோக்கியும் தப்பிலிருந்து நன்றாக விலகியும் நிறுத்துங்கள். நடுவில் ஆட்டம் ஓய்ந்து, தப்பை நெருப்பில் காய்ச்சும் நேரத்திலும் பதிவை நிறுத்த வேண்டாம். அடுத்த பாட்டுக்கான பேச்சு அங்கேதான் நடக்கிறது. ஒரே ஆண்டில் ஒரே தோட்டத்தில் காமன் ஊன்றிய நாள் முதல் தகனம் வரை ஒவ்வோர் இரவையும் தனித்தனியாக எடுங்கள். ஓர் இரவு போதும் என்று விட்டுவிட்டால் வாத்தியார் பாட்டை எப்படி மாற்றினார் என்பது தெரியாமலே போய்விடும். முதற்பதிவை வெட்டாமல், இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். ஒவ்வொரு படியிலும் திகதி, தோட்டத்தின் பெயர், டிவிஷன், பாடியவர், தப்படித்தவர், கைபேசியை வைத்திருந்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் கசெட் உறையில் இத்தகைய விவரங்களைப் பொடி எழுத்தில் எழுதி வைத்ததால்தான் எந்த இரவில் எந்தப் பாடல் எதற்குள் கரைந்தது என்பதை இன்று எவரும் தேடி எடுக்க முடிகிறது.