துணிச் சிலுவையைத் தோளில் தைத்தவர்கள்

கேள்வி: சிலுவைப் போர்கள் பற்றிப் பேச்சு வந்தாலே, ‘அவர்கள் உண்மையான கிறிஸ்தவர்களே இல்லை, நிலத்துக்கும் கொள்ளைக்கும் போனவர்கள்’ என்று எங்கள் சபையில் முடித்துவிடுகிறார்கள். அது சரியா?

பதில்: அப்படி முடித்துவிட்டால் நமக்கு நிம்மதிதான், ஆனால் கணக்கு இடிக்கிறது. 1095-இல் பிரான்சின் கிளெர்மோன்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில், எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்கப் புறப்படுங்கள் என்று போப் இரண்டாம் அர்பன் அழைப்பு விடுத்ததும் கிளம்பிய பிரபுக்களில் பலர் சொத்தை விற்றும் அடகு வைத்தும்தான் வழிச்செலவுக்குப் பணம் புரட்டினார்கள். நார்மண்டி கோமகன் ராபர்ட் தன் நாட்டையே 10,000 மார்க் வெள்ளிக்குத் தம்பியிடம் அடகு வைத்தார். லாபத்துக்குப் போகிறவர் செய்கிற காரியமா இது? எருசலேமைப் பிடித்த பிறகு, நேர்ந்துகொண்டது முடிந்தது என்று பெரும்பாலோர் ஊர் திரும்பியும் விட்டார்கள்.

ஆசை பிடித்தவர்களே இல்லை என்று சொல்லவில்லை. படைத் தலைவர்களில் ஒருவரான போஹெமண்ட், வழியில் இருந்த அந்தியோகியா நகரைப் பிடித்த கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார், எருசலேம் முற்றுகைக்குப் போகவே இல்லை. கிளெர்மோன்ட் சங்கமும் இதை எதிர்பார்த்திருக்கும் போல. புகழுக்கோ பணத்துக்கோ இல்லாமல் பக்திக்காக மட்டும் போகிறவருக்கே அந்தப் பயணம் தவமாக எண்ணப்படும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தது.

எனக்கு நெருடுவது போஹெமண்ட் அல்ல, பேராசைக்காரரைப் புரிந்துகொள்வது சுலபம். தன் பாவத்துக்குப் பயந்து, ‘தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்’ என்ற வசனத்தை நம்பி, துணியில் சிலுவை வெட்டித் தோளில் தைத்துக்கொண்டு, வழியெல்லாம் பசியோடு நடந்து, 1099 ஜூலை 15-இல் எருசலேமுக்குள் நுழைந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிவிட்டு, அப்புறம் இயேசுவின் கல்லறைக் கோயிலுக்குப் போய் ஆனந்தக் கண்ணீர் விட்டானே, அவன்தான். அந்தக் கண்ணீர் நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கெத்செமனேயில் பேதுரு வாளை உருவியபோது அவன் நோக்கத்தில் என்ன குறை இருந்தது? ஆண்டவரைக் காப்பாற்றத்தானே உருவினான்! அவனிடம்தான் இயேசு, ‘உன் பட்டயத்தை உறையிலே போடு’ என்றார்.

கேள்வி: அந்தக் காலத்து மனிதர்களை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா?

பதில்: வேண்டாம், அந்தக் காலத்து அளவுகோலே போதும். 1096-இல் சிலுவை அணிந்த கூட்டம் ரைன் நதிக்கரை யூதர்களைத் தாக்கியபோது, ஸ்பையர் ஆயர் யோவான் தம் ஊர் யூதர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். 1202-இல் வெனிஸ்காரர்களின் கப்பல் கடனுக்கு ஈடாகக் கிறிஸ்தவ நகரமான சாராவைத் தாக்கக் கிளம்பிய இன்னொரு சிலுவைப் படையை, போப் மூன்றாம் இன்னொசென்ட்டே தடுத்து எழுதினார். கேட்கவில்லை, இரண்டே வருடத்தில் இன்னொரு கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டினோபிளையும் சூறையாடினார்கள்.

1219-இல் எகிப்தில் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது துறவி அசிசி பிரான்சிஸ் ஆயுதமில்லாமல் எதிரி முகாமுக்குள் போய் சுல்தான் அல்காமிலைச் சந்தித்தார். சுல்தான் மதம் மாறவில்லை. பிரான்சிஸ் பேசிவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்தார்.