கூடை ஊஞ்சலை மின்விசிறிக் கொக்கியில் மாட்டலாமா?

வேண்டாம். மின்விசிறி 4, 5 கிலோதான் இருக்கும். ஆள் உட்கார்ந்த கூடை ஊஞ்சல் 100 கிலோவைத் தொடும், ஆடும்போது இழுவை இன்னும் கூடும். அந்தக் கொக்கியைத் தளத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்களா என்பது வெளியே தெரியாது.

கான்கிரீட் தளம் என்றால் தனியாக 10 அல்லது 12 மி.மீ. ஆங்கர் போல்ட் (கான்கிரீட் துளைக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) போடுங்கள். ஹேமர் டிரில்லால் துளை போட்டதும் உள்ளே இருக்கும் தூசியை ஊதி எடுத்துவிடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தூசி இருந்தால் போல்ட் சரியாகப் பிடிக்காது, நாளடைவில் நழுவும். விசிறிக்குப் போகும் ஒயர் குழாய் பக்கம் துளையிடாதீர்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இந்த எடையைத் தாங்காது, அதற்கு மேலே உள்ள கான்கிரீட்டில்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம், யாரும் உட்காரும் முன் 25 கிலோ அரிசி மூட்டை நான்கைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டுப் பாருங்கள். குழந்தைகள் ஆடும் வீட்டில் இதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.