சுண்டெலியின் மரபணுவை வைத்து மனிதர் போன வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

செல்லுக்குள் இருந்து ஆற்றல் தயாரித்துத் தரும் சின்ன உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்துதான் குட்டிக்கு வரும். தலைமுறை போகப்போக அதில் சின்னச் சின்ன மாற்றங்கள் சேரும். நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தவன் அதிலுள்ள எழுத்துப்பிழையையும் சேர்த்தே எழுதுவான் இல்லையா? அதேபோல, இரண்டு ஊர் எலிகளிடம் ஒரே 'பிழைகள்' வரிசையாக இருந்தால் மூலம் ஒன்று என்று பிடித்துவிடலாம்.

சரி, இதில் மனிதன் எங்கே வருகிறான்? சுண்டெலி கடலை நீந்திக் கடக்காது. தானியத்தோடும் வைக்கோலோடும் கப்பலேறிவிடும். 9-ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் (நார்வே பக்கத்துக் கடலோடிகள்) குடியேறிய ஐஸ்லாந்தில் இன்றுள்ள சுண்டெலிகள் நார்வே, வட பிரிட்டன் எலிகளோடு ஒத்துப்போகின்றன. ஐஸ்லாந்தில் தோண்டியெடுத்த பழைய எலி எலும்புகளிலும் அதே வகைதான்!

அப்புறம், இதை மனிதர்களின் வம்சச் சோதனை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்; எலி காட்டுவது கப்பல் வந்த திசையை, அதில் வந்தவர்களின் பாட்டன் பூட்டனை அல்ல.