மியூட்ல ஓடுற பாட்டுக்கு யார் காசு குடுப்பா?

வாசகர் கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுல அக்கவுன்ட்ஸ்ல இருக்கேன். பஸ்ல போக வர ரெண்டு மணி நேரம், ஹெட்செட்தான் துணை. ஸ்பாட்டிஃபை ஆப் என்னடான்னா நான் காலேஜ்ல கேட்ட அதே நாப்பது பாட்டையே மாத்தி மாத்தி போடுது. போன மாசம் தற்செயலா ஒரு பாட்டு வந்துச்சு, சினிமா பாட்டு இல்ல, பாடுனவர் யார்னும் தெரியல, எத்தனை பேர் கேட்டிருக்காங்கன்னு பார்த்தா 1000க்குக் கம்மின்னு காட்டுது. மனசு கேக்கல. அன்னிலேர்ந்து ஒரு பழைய போன்ல அந்தப் பாட்டை மியூட் போட்டு ராத்திரி பூரா லூப்ல ஓட விடுறேன். இதுல அவருக்கு ஏதாவது காசு போகுமா? இந்த மாதிரி பாட்டெல்லாம் எங்க தேடுறது? இன்னொண்ணு, எங்க மில்லுல ஒரு பையன் ராப் பாடி யூடியூப்ல போட்டிருக்கான். ஏதோ வடசென்னை பாஷைல பாடுறான், எங்க ஊர்ல யாரும் அப்படி பேச மாட்டாங்க. எல்லாரும் ஷேர் பண்ணச் சொல்றாங்க, எனக்குப் பிடிக்கல. பண்ணலன்னா தப்பா?

(பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்:

தம்பி, முதல்ல அந்தப் பழைய போனை ஆஃப் பண்ணுங்க. திட்டுறேன்னு நினைக்காதீங்க, நானும் இதே வேலைய பார்த்து சூடு பட்டவதான். எங்க சித்தி பையன் சொந்தமா எழுதி மெட்டு போட்டு ஒரு பாட்டு விட்டான், உடனே எங்க பெரியம்மா வாட்ஸ்அப் குரூப்ல ஆர்டர் போட்டாங்க, எல்லாரும் படுக்கப் போறப்ப பாட்டை ஓட விட்டுட்டுப் படுங்கன்னு. நாங்களும் ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி பதினஞ்சு நாள் செஞ்சோம். அப்புறம் ஒரு நாள் காலைல பையன் போன் பண்றான், குரலே சரியில்ல, பாட்டை ஏத்தி விட்ட கம்பெனி மெயில் போட்டிருக்கு, போலி ஸ்ட்ரீம் விழுந்திருக்கு அதனால பாட்டை எடுத்துட்டோம்னு. ஒரே ஊரு, ஒரே பாட்டு, ராத்திரி பதினோரு மணிலேர்ந்து விடிய விடிய நிக்காம ஓடுனா கம்ப்யூட்டருக்கு அது பாசம்னு தெரியுமா, காசு குடுத்து ஆள் வச்சு ஏத்துறாங்கன்னுதான் தெரியும். 2024லேர்ந்து ஸ்பாட்டிஃபைல இது இன்னும் கறார், அப்பட்டமா போலி ஸ்ட்ரீம்னு பிடிச்சா பாட்டுக்கு இவ்வளவுன்னு டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட, அதாவது பாட்டை ஏத்தி விடுற கம்பெனிகிட்ட, அபராதம் வாங்குறாங்க, அவங்கள்ல பல பேர் அதை அப்படியே பாடுனவன் தலையில கட்டிடுறாங்க. நீங்க அவருக்கு நல்லது பண்றதா நினைச்சு ராத்திரி ராத்திரி அவர் பாட்டுக்கு ஆபத்து தேடிட்டு இருக்கீங்க.

சரி, லூப் வேண்டாம், ஒழுங்கா கண்ணு முழிச்சு உக்காந்து கேட்டா காசு போகுமான்னா, போகும், ஆனா எப்படின்னு பாருங்க. நீங்க பார்த்த அந்த ஆயிரம் சும்மா ஒரு நம்பர் இல்ல. அதே 2024லேர்ந்து, பன்னெண்டு மாசத்துல 1000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பதிவு ராயல்டில, அதாவது அந்த ஒலிப்பதிவுக்குக் குடுக்குற காசுல, பங்கே கிடையாதுன்னு வச்சிட்டாங்க. முப்பது செகண்டுக்கு மேல கேட்டாத்தான் அது ஒரு ஸ்ட்ரீம். அதனால நீங்க பஸ்ல போறப்ப நிஜமாவே ஆசைப்பட்டு கேக்குற ஒவ்வொரு தடவையும் அவரை அந்தக் கோட்டுக்குக் கிட்ட கொண்டு போகுது, அது வீண் இல்ல. கோட்டைத் தாண்டுனதுக்கு அப்புறம்தான் இன்னொரு கூத்து. நாம கட்டுற சந்தா நாம கேட்ட பாடகருக்குத்தானே போகும்னு நினைப்போம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். இல்லப்பா. எல்லாரோட பணமும் ஒரே பானைல விழும், மொத்தமா யார் பாட்டு எவ்வளவு ஓடுச்சோ அந்த விகிதத்துல பிரிப்பாங்க. நீங்க மாசம் பூரா அந்த ஒரு ஆள் பாட்டை மட்டுமே கேட்டாலும் உங்க காசுல பெரும்பங்கு ஏற்கெனவே கோடிக்கணக்குல ஓடுறவங்களுக்குத்தான் போய்ச் சேரும். இது கோயில் உண்டியல் மாதிரி. மொய் எழுதுறது வேற. மொய்ல உங்க பேரு, ஊரு, ரூபா எல்லாம் நோட்டுல ஏறும், வாங்குனவருக்கு யார் குடுத்தாங்கன்னு தெரியும்.

அந்த மொய் நோட்டுக்குக் கிட்ட வர்ற இடம்னா என் அனுபவத்துல பேண்ட்கேம்ப்தான். 2008லேர்ந்து இருக்கு, பாட்டையோ ஆல்பத்தையோ காசு குடுத்து வாங்குற ஆன்லைன் கடை. டிஜிட்டலா வாங்குனா நூத்துக்குப் பதினஞ்சு அவங்க எடுத்துக்குவாங்க, டீ-ஷர்ட் மாதிரி பொருள்னா பத்து, அப்புறம் கார்டு செலவு கொஞ்சம், மிச்சம் பாடுனவங்களுக்கு. நூறு ரூபா குடுத்தா எண்பது ரூபா கிட்டப் போய்ச் சேருதுன்னு வச்சுக்கங்க. ஸ்ட்ரீம்ல எண்பது ரூபா வரணும்னா நீங்க எத்தனை தடவை வேடசந்தூர் போயிட்டு வரணும்னு நீங்களே கணக்குப் போடுங்க, அக்கவுன்ட்ஸ்தானே. 2020 மார்ச்ல கொரோனா வந்து கச்சேரி எல்லாம் நின்னப்ப, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகள்ல எங்க பங்கு வேண்டாம்னு ஆரம்பிச்சாங்க, இன்னும் வருஷத்துல சில வெள்ளி அப்படி வருது. அமெரிக்க மேற்குக் கரை நேரக் கணக்குங்கறதால நம்மூர்ல வெள்ளி மதியத்துக்கு மேலதான் தொடங்கும், காலைல வாங்கிட்டு ஏமாறாதீங்க. உங்க டெபிட் கார்டுல இன்டர்நேஷனல் பேமென்ட் ஆன் பண்ணி இருக்கணும், வாங்கி முடிச்சதும் ஆஃப் பண்ணிடுங்க. உங்க ஆளு அங்க இல்லன்னா அவரோட இன்ஸ்டா பயோவைப் பாருங்க, சில பேர் யுபிஐ ஐடியே போட்டிருப்பாங்க.

காசே இல்லாம பண்றதும் இருக்கு. யூடியூப்ல ஒருத்தருக்கு விளம்பரக் காசு வரணும்னா 1000 சப்ஸ்கிரைபர், அதோட ஒரு வருஷத்துல 4000 மணி நேரம் ஜனங்க பார்த்திருக்கணும், ஷார்ட்ஸ் வழியா வர்றதுக்கு வேற கணக்கு. அதனால 870 சப்ஸ்கிரைபர் வச்சிருக்கிற ஆளுக்கு உங்க ஒரு பட்டன் பெரிய விஷயம். நம்ம ஜனங்க என்ன பண்றாங்க, வீடியோவ டவுன்லோட் பண்ணி வாட்ஸ்அப்ல ஃபைலா அனுப்புவாங்க, அது ஐந்நூறு குரூப் சுத்தி வந்து எங்க அத்தை எனக்கே திரும்ப அனுப்புவாங்க, பாடுனவன் கணக்குல ஒரு வியூ கூட ஏறியிருக்காது, பாதி நேரம் பேரையே வெட்டி எடுத்திருப்பாங்க. லிங்க்தான் அனுப்பணும்.

இப்ப தேடுற கதைக்கு வர்றேன். ஆப் உங்களுக்கு அதே நாப்பது பாட்டை போடுதுன்னா தப்பு அதுகிட்ட மட்டும் இல்ல, நீங்க அதைத்தான் தள்ளாம கேட்டுட்டு இருக்கீங்க, அது கத்துக்கிட்டது அவ்வளவுதான். நான் சொல்றது, பாட்டைப் பிடிக்காதீங்க, பேரைப் பிடிங்க. எந்தப் பாட்டா இருந்தாலும் கிரெடிட்ஸ்னு ஒண்ணு இருக்கும், இல்லன்னா யூடியூப்ல பாட்டுக்குக் கீழ போட்டிருப்பாங்க, யார் எழுதுனா, யார் வாசிச்சா, யார் மிக்ஸ் பண்ணான்னு, அதுல ஒரு பேரைப் பிடிச்சு அடுத்த பாட்டுக்குப் போங்க. 2021 மார்ச்ல வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உங்களுக்குத் தெரியாம இருக்காது. அதுல ராப் பாடுன அறிவுங்கற பேரைப் பிடிச்சா, 2019ல அவரும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து பண்ண 'தெருக்குரல்' ஆல்பத்துக்குப் போவீங்க. அங்கேர்ந்து அவர் பாடுன தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2018 ஜனவரியில சென்னையில முதல் மேடை ஏறுன இசைக் குழு, டைரக்டர் பா.ரஞ்சித் அதுக்குப் பின்பலமா நின்னார். அந்தக் கூட்டத்துல இசைவாணின்னு ஒரு கானா பாடகி, கானான்னாலே ஆம்பளைங்க மேடைன்னு இருந்த இடத்துல நின்னு பாடுனவங்க, 2020ல பிபிசியோட நூறு பெண்கள் பட்டியல்ல பேர் வந்துச்சு. இசையைக் கட்டுன டென்மாவைப் பிடிச்சா குரங்கன்னு அதுக்கு முந்தின பேண்ட், அதுல கபேர் வாசுகின்னு பாட்டு எழுதிப் பாடுற ஒருத்தர், அவர் தனியா பண்ண பாட்டெல்லாம் வேற உலகம். ஒரே ஒரு ஹிட்டுல ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு பஸ்ல கேக்குற அளவு ஆச்சு. அந்த ஹிட்டைப் பத்தி இன்னொண்ணு, கோடிக்கணக்குல வியூஸ் போன பாட்டு, ஆனா அதுக்கு இசையமைச்ச சந்தோஷ் நாராயணன் 2024ல வீடியோ போட்டு எங்க யாருக்கும் இதுவரைக்கும் காசு வரலன்னு சொன்னார், பாட்டை வெளியிட்ட கம்பெனி அதை மறுத்துச்சு. நான் அதுல பஞ்சாயத்து பண்ண வரல, வியூஸைப் பார்த்து இவங்களுக்கு என்னப்பா குறைச்சல்னு மட்டும் நினைச்சிடாதீங்க.

பேண்ட்கேம்ப்ல இன்னொரு வழியும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு ஆல்பம் பக்கத்துல அதை வாங்குனவங்க படம் குட்டி குட்டியா இருக்கும், ஒண்ணைத் தட்டுனா அந்த ஆள் இதுவரைக்கும் வாங்குன மொத்த கலெக்‌ஷனும் தெரியும். நம்ம சின்ன வயசுல ரெக்கார்டிங் சென்டர் இருந்துச்சே, லிஸ்ட் எழுதிக் குடுத்தா கேசட்ல பதிஞ்சு தருவாங்க, கடைசியில மூணு நிமிஷம் மிச்சம் இருந்தா அந்த அண்ணன் அவருக்குப் பிடிச்ச ஏதோ ஒரு பாட்டைப் போட்டு அடைப்பார். நான் கேட்டு வாங்குன பாட்டை விட அந்த மிச்சத்துல வந்த பாட்டுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. காசு போட்டு வாங்குன ஒருத்தரோட கலெக்‌ஷன் அந்த அண்ணன் மாதிரி.

தமிழ்நாட்டுக்குள்ளயே தேடாதீங்க. மலேசியாவுல யோகி பி & நட்சத்ரா 2006லயே 'வல்லவன்' போட்டுட்டாங்க, நம்மூர்ல பாதிப் பேர் தமிழ்ல ராப் வருமான்னு கேட்டுட்டு இருந்த நேரம். நான் அப்ப அதை காப்பி அடிச்ச சிடியில கேட்டேன், ஒத்துக்குறேன், இப்ப காசு குடுத்து வாங்குறதுல கொஞ்சம் அந்தப் பழைய கடனும் சேர்த்திதான். டொரன்டோல நவ்ஸ்-47, ஷான் வின்சென்ட் டி பால்னு ராப் பண்றவங்க எல்லாம் இருக்காங்க, ஷானும் மிருதங்கம் வாசிக்கிற யான்சனும் மிருதங்கத்தை வச்சு ராப் பண்ணதைக் கேட்டுப் பாருங்க. சுவிட்சர்லாந்துல பாடகி பிரியா ரகு, 2023ல 'சந்தோஷம்'னே ஆல்பத்துக்குப் பேர் வச்சவங்க. இவங்கெல்லாம் ஏற்கெனவே கொஞ்சம் பேர் வாங்கிட்டாங்க, நீங்க இவங்களோட நிக்காம இவங்க கூட வாசிக்கிறவங்க பேருக்குப் போங்க.

ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி அந்த 1000க்குக் கம்மி ஆளுக்கு நீங்களே ஒரு மெசேஜ் போடுங்க. பெருசா எழுத வேண்டாம், அண்ணே பஸ்ல கேட்டேன், இந்த வரி பிடிச்சுது, இதை எங்க வாங்கலாம், நீங்க யார் பாட்டெல்லாம் கேப்பீங்க, அவ்வளவுதான். அநேகமா பதில் வரும், அவருக்கு வேற யார் எழுதப் போறா. அவர் சொல்ற நாலு பேர் பாட்டு எந்த ஆப்பும் உங்களுக்குக் காட்டாதது. அவங்க மதுரைலயோ கோயம்புத்தூர்லயோ சின்னதா ஒரு கச்சேரி வச்சா டிக்கெட் வாங்கிட்டுப் போங்க, தெரிஞ்சவர் ஆயிட்டாரேன்னு பாஸ் கேக்காதீங்க. நம்மாளுங்களுக்கு இது ஒரு வியாதி, பிரியாணிக்கு முந்நூறு குடுப்பான், கச்சேரின்னா பாஸ் இருக்காம்பான்.

மில்லு பையன் விஷயம். பிடிக்காத பாட்டை ஷேர் பண்ணாதீங்க, தப்பே இல்ல. நீங்க எல்லாத்தையும் அனுப்புற ஆளு ஆயிட்டா நாளைக்கு நிஜமாவே நல்ல பாட்டை அனுப்புறப்ப ஒருத்தனும் தொட மாட்டான், குட்மார்னிங் படம் மாதிரி தள்ளிட்டுப் போயிடுவான். அதுக்காக அவன்கிட்ட நல்லா இல்லன்னு மொட்டையா சொல்லிடாதீங்க, பத்துப் பேர் முன்னாடி சுத்தமா சொல்லாதீங்க. டீ டைம்ல தனியா கூப்பிட்டு எனக்கு எழுதுனீங்களே அதையே சொல்லுங்க, ஏன்டா தம்பி நம்ம ஊர்ல யார் இப்படிப் பேசுறா, நீ நம்ம பாஷைல ஒண்ணு பாடேன், நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காதுல பஞ்சோட பஸ்ல தூங்கிட்டு வர்றியே அதைப் பாடேன்னு. மூஞ்சிய தூக்கி வச்சுக்குவான், ரெண்டு வாரம் பேச மாட்டான். ஒருவேளை பாடிட்டான்னா, அது உங்களுக்குப் பிடிச்சும் இருந்துச்சுன்னா, எனக்கும் அனுப்புங்க. லிங்க்கா அனுப்புங்க, வீடியோ ஃபைல் வேண்டாம்.