அமெரிக்காவில் சிறு ஊர்கள் ஃபெடரல் (மத்திய அரசு) சாலை நிதியை ஏன் கோட்டைவிடுகின்றன? அவற்றுக்கு எப்படி உதவலாம்?

பணம் இருக்கிறது, கேட்டு எழுதத்தான் ஆள் இல்லை. மூவாயிரம் பேர் வாழும் ஊரில் ஒரே எழுத்தர்தான் தண்ணீர்க் கட்டணத்தையும் பார்ப்பார், கூட்டக் குறிப்பையும் எழுதுவார். அவர் கையில் தடிமனான மானிய அறிவிப்பைக் கொடுத்தால் பாவம், என்ன செய்வார்?

2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் வந்த 'அனைவருக்கும் பாதுகாப்பான தெருக்கள்' திட்டத்தையே பாருங்கள். ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி டாலர். மாநில அரசு வழியாகப் போகாமல் ஊர் நிர்வாகமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் செலவில் குறைந்தது 20 சதவீதத்தை ஃபெடரல் அல்லாத பணமாகத் திரட்ட வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி, ஃபெடரல் சாலைப் பணம் பெரும்பாலும் முன்பணமாக வராது. முதலில் செலவழித்து, கணக்குக் காட்டி, அப்புறம்தான் திரும்ப வாங்க முடியும். சின்ன ஊரின் கஜானா இதைத் தாங்குமா?

சரி, வழி? முதலில் திட்டமிடல் மானியம் கேட்கச் சொல்லுங்கள். சாலைப் பாதுகாப்புச் செயல்திட்டம் தயாரிக்கத்தான் அது. இத்திட்டத்தில் அந்தச் செயல்திட்டம் கையில் இல்லாமல் கட்டுமான மானியம் கிடைக்காது. 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறங்களுக்கு, போக்குவரத்துப் பணிகளைத் திட்டமிடும் பெருநகரத் திட்டமிடல் அமைப்பு கட்டாயம் உண்டு. அதன் எல்லைக்குள் வரும் சிறு ஊர்கள் அங்குள்ள பொறியாளர்களை அணுகலாம். பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஒரே விண்ணப்பமும் போடலாம்.

இன்னொன்று, ஃபெடரல் மானியம் கேட்போர் செய்ய வேண்டிய 'சாம்' (SAM.gov) அரசு இணையதளப் பதிவு. அது முடியச் சில வாரங்கள்கூட ஆகலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கெடு நாளன்று அதைத் தொடங்கிப் பயனில்லை.