தாய்ப்பாலும் சுற்றுச்சூழல் நச்சுகளும்: தாய்மாரின் கேள்விகளுக்குப் பதில்கள்

(பதில் அளிப்பவர் சுற்றுச்சூழல் வேதியியல் பயின்று, தாய்ப்பால் ஆலோசகராகப் பணியாற்றுபவர்.)

கேள்வி: அம்மா, தாய்ப்பாலில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருக்கிறது என்று படித்ததிலிருந்து, மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. அது உண்மைதானா?

பதில்: உண்மைதான், ஆனால் புதிய செய்தி அன்று. 1951-ஆம் ஆண்டிலேயே வாஷிங்டன் நகரத் தாய்மாரின் பாலில் டி.டி.டி. கண்டறியப்பட்டது. அதன்பின் உலகின் எல்லாப் பகுதிகளிலும் அது கிடைத்திருக்கிறது. டி.டி.டி., பி.சி.பி. (மின்மாற்றி எண்ணெய் முதலியவற்றில் பயன்பட்ட வேதிப்பொருள்), டயாக்சின் (குப்பை எரியும்போது உண்டாகும் நச்சு) ஆகியவை நீரில் எளிதில் கரையாமல் கொழுப்பில் கரைபவை. உணவின் வழியாக உடலுக்குள் வந்து, எளிதில் சிதையாமல், கொழுப்புத் திசுவில் ஆண்டுக்கணக்கில் தங்குபவை. தாய்ப்பாலில் ஏறத்தாழ 4 விழுக்காடு கொழுப்பு உண்டு. அதில் ஒரு பகுதி தாயின் உடலில் முன்பே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து வருவதால், அங்கே தங்கியிருந்தவையும் உடன் வருகின்றன. எனவே உங்கள் பாலில் இருப்பது நேற்றைய உணவின் கணக்கு அன்று, நீங்கள் பிறந்த நாள் முதல் சேர்ந்ததின் கணக்கு.

ஆய்வாளர்கள் தாய்ப்பாலைத் தேடிச் சோதிப்பது, நஞ்சு அதில் மட்டும் இருப்பதால் அன்று. ஒருவர் உடலிலிருந்து கொழுப்பை அறுத்தெடுப்பதைவிடப் பாலைக் கேட்டுப் பெறுவது எளிது என்பதால்தான். செய்தி எழுதுவோர் இதைச் சொல்லாமல் விடுவதே பாதி அச்சத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். இந்தியாவில் வேளாண்மையில் டி.டி.டி. 1989-இலும், பி.எச்.சி. என்னும் மற்றொரு பூச்சிக்கொல்லி 1997-இலும் தடை செய்யப்பட்டன. தடைக்குப் பலன் உண்டு என்பதற்கு ஸ்டாக்ஹோம் நகரத்துத் தாய்ப்பாலே சான்று: அங்கு 1970-களிலிருந்து டி.டி.டி., பி.சி.பி. அளவுகள் தொடர்ந்து இறங்கின. அதே பாலில், தடை இல்லாதிருந்த தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் 1972 முதல் 1997 வரை ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டித்தன.

கேள்வி: நாங்கள் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கிலிருந்து சிறிது தூரத்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். பாலூட்டலாமா?

பதில்: ஊட்டலாம். உங்கள் பகுதியைப் பற்றியே ஆய்வு இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கிடங்கை ஒட்டி வாழ்ந்த தாய்மாரின் பாலில் டயாக்சின் வகைப் பொருள்கள் மற்ற இடத்துத் தாய்மாரின் பாலில் இருந்ததைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. குப்பை எரியும்போது உண்டாகும் டயாக்சின் புகையோடு எழுந்து, மண்ணிலும் புல்லிலும் படிகிறது. ஆனால் ஆய்வாளர்கள் முதன்மையாக ஐயுற்ற வழி மூச்சுக்காற்று அன்று, அப்பகுதி மாடுகளின் பால். அங்கே மேயும் மாட்டின் உடலில் சேர்வது அதன் பால் கொழுப்பில் இறங்கி, அதைக் காலமெல்லாம் குடித்தவர்களின் உடலில் சேர்கிறது.

இதை அறிந்த பின்பும் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு அந்த மாட்டின் பாலையே புட்டியில் ஊற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நஞ்சு வந்த ஊற்றுக்கே குழந்தையை நேராக அழைத்துச் செல்வதற்கு அது ஒப்பாகும். நீங்கள் செய்ய வேண்டியது, வீட்டுக்கு வரும் பால் எங்கே மேய்ந்த மாட்டினுடையது என்று விசாரிப்பதும், வாசலில் பிளாஸ்டிக் எரிப்பதைத் தடுப்பதும்தான்.

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறோம், ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். நான் குடிக்கும் தண்ணீர் பாலில் இறங்காதா?

பதில்: மிகக் குறைவாகவே இறங்கும். தாய் அருந்தும் நீரில் புளோரைடு மிகுந்திருந்தாலும், பாலில் அது சிறிதளவே காணப்படும். நைட்ரேட்டும் அவ்வாறே. ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைக் குடிக்கும் வங்கதேசத் தாய்மாரிடையே நடந்த ஆய்வில், தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு ஆர்சனிக்கிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது தெரிந்தது. பால் பவுடரை உங்கள் கிணற்று நீரில் கரைத்தால் அந்த நீரில் உள்ள அத்தனையும் குழந்தைக்குப் போகும். கொதிக்க வைப்பதால் புளோரைடும் நைட்ரேட்டும் அகலா, நீர் வற்றினால் அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குப் பின் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கும்போது, கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீரைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பால் ஊறும் என்று மாமியார் வாரந்தோறும் சுறாப்புட்டு செய்து தருகிறார். சுறாவில் பாதரசம் உண்டு என்கிறார்களே?

பதில்: அவர் அன்போடு தருவதைத் தட்ட வேண்டாம்; மீனை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய மீன் சிறிய மீனைத் தின்னத் தின்ன, மீனில் சேரும் பாதரச வடிவமான மெத்தில் பாதரசம் படிப்படியாகத் திரள்கிறது. அதனால் சுறா உள்ளிட்ட சில பெரிய மீன்களைப் பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. நம் வீடுகளில் புட்டுக்கு வாங்கும் பால்சுறா சிறிய இனம். எப்போதாவது ஒருமுறை உண்டதற்காகக் கலங்க வேண்டியதில்லை. மெத்தில் பாதரசம் கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடப்பதைவிடப் பால் வழியாகக் குறைவாகவே கடக்கிறது. மத்தி, நெத்திலி போன்றவற்றில் பாதரசம் குறைவு, குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. பால் ஊறுவது குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதால்தான். மீனைவிட முகப்பொலிவுக் களிம்புகள் எனக்குக் கவலை தருகின்றன: உட்பொருள் அச்சிடப்படாத சிவப்பழகுக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் உண்டு, அவற்றை இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: கணவர் பழைய பேட்டரி உருக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். நான் பாலூட்டலாமா?

பதில்: இந்த அமர்வில் உடனடியாகச் செயல்பட வேண்டியவர் நீங்கள்தான். காரீயத் (ஈயத்) தூள் அவருடைய சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டி வீட்டுக்கு வருகிறது. பட்டறையிலேயே குளித்து உடை மாற்றி வரச் சொல்லுங்கள். அந்த உடையைத் தனியே துவையுங்கள். நீங்களும் குழந்தையும் இரத்த ஈய அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். 100 மி.லி. இரத்தத்தில் 40 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் பாலூட்டலாம் என்பதும், அதை எட்டினால் அளவு இறங்கும்வரை பாலைப் பீய்ச்சி அகற்ற வேண்டும் என்பதும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல். எலும்பில் படிந்த ஈயம் பாலூட்டும் காலத்தில் வெளியே வருவதால், கால்சியம் குறையாமல் உண்ணுங்கள். உலோகம் சேர்த்துச் செய்யப்படும் சித்த மருந்துகளான பற்பம், செந்தூரம் எதையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளாதீர்கள்.

கேள்வி: தாய்ப்பால் வழியாக வந்த நஞ்சால் குழந்தைகள் உண்மையிலேயே இறந்ததுண்டா?

பதில்: உண்டு, மறைப்பதில் பொருளில்லை. துருக்கியின் தென்கிழக்கில் 1955 முதல் 1959 வரை, ஹெக்சாகுளோரோபென்சீன் என்னும் பூஞ்சைக்கொல்லி பூசிய விதைக் கோதுமையை விதைக்காமல் மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர், அத்தாய்மாரிடம் பால் குடித்த கைக்குழந்தைகள் பலர் இறந்தனர். ஆனால் அவர்கள் நஞ்சூட்டிய தானியத்தையே உணவாக உண்டவர்கள். சாதாரணச் சூழலில் வாழும் தாயின் பாலில் உள்ள நுண்ணளவுகளை அதோடு ஒப்பிடுவது தவறு. பி.சி.பி. பற்றிய நெதர்லாந்து ஆய்வுகளிலும், மூளை வளர்ச்சிக் குறைவோடு பெரிதும் தொடர்புடையதாகத் தெரிந்தது கருவிலிருந்தபோது பட்ட அளவே.

கேள்வி: முதலில் சுரக்கும் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டால் நஞ்சு குறையுமா? உடம்பு இளைத்தால்?

பதில்: கொட்டுவதால் பயனில்லை. விரைவாக இளைப்பதோ தீங்கு: கரையும் கொழுப்பிலிருந்து நஞ்சு இரத்தத்துக்கு வரும். பட்டினி கிடக்காமல் மெல்ல எடையைக் குறையுங்கள்.

கேள்வி: தாய்ப்பாலில் பிளாஸ்டிக் துகளும் இருக்கிறதாமே?

பதில்: ரோம் நகரில் நடந்து 2022-இல் வெளிவந்த ஆய்வில் 34 தாய்மாரில் 26 பேரின் பாலில் நுண்பிளாஸ்டிக் கிடைத்தது. புட்டி இதற்குத் தீர்வாகாது. பாலிபுரோப்பிலீன் புட்டியில் சூடான நீரை ஊற்றும்போது ஏராளமான துகள்கள் உதிர்வதை டப்ளின் ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். வேலைக்குச் செல்லும் தாய்மார் பாலைப் பீய்ச்சி எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி வைத்து, எவர்சில்வர் பாலாடையில் புகட்டச் சொல்லலாம். பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் போட்டெடுப்பதும் எளிது.