ஃபோர்சித்தியாவை ஜூலையில் வெட்டாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறேன். வேலியோரம், வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சித்தியா செடி வைத்து நாலு வருடம் ஆகிறது. நன்றாகத் தழைக்கிறது, ஆனால் செப்டம்பரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூக்கிறது. வருடாவருடம் ஜூலைக் குளிரில் ரோஜாவோடு சேர்த்துக் கவாத்து செய்து, புல்தரைக்குப் போடும் உரத்தையே இதற்கும் போடுகிறேன். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தங்கை ஒரு போத்து கேட்கிறாள், கொடுக்கலாமா?

பதில்: செடியில் ஒரு குறையும் இல்லை, அந்த ஜூலை கவாத்துதான் காரணம். ரோஜா புதிதாக விடும் தளிரில் பூக்கும், அதனால் அதற்கு ஜூலை சரி. ஃபோர்சித்தியா போன கோடையில் வளர்ந்த குச்சியில்தான் பூக்கும். மொட்டெல்லாம் இலை உதிரும் முன்பே உருவாகி, குளிர் முழுக்கக் குச்சியிலேயே இருக்கும், அதாவது ஜூலையில் நீங்கள் வெட்டிப் போடுவது ஆகஸ்ட் கடைசியில் பூக்க வேண்டிய பூவைத்தான்.

ஜூனில் ஒரு குச்சியைக் கிட்டத்தில் பிடித்துப் பாருங்கள். கணுவில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து உப்பலாக இருந்தால் பூ மொட்டு, ஒல்லியாகக் கூராகத் தனியே இருந்தால் இலை மொட்டு. இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் கத்தரிக்கோலை எடுக்க மனசே வராது.

சரி, எப்போது வெட்டுவது? பூ கொட்டியதும், புரட்டாசி வாக்கில். வயதான தடித்த தண்டுகளாகப் பார்த்து, நாலில் ஒரு பங்கை மட்டும் தூரோடு அறுத்து எடுங்கள், அந்த இடத்திலிருந்து புதுத் தண்டு கிளம்பி அடுத்த வருடத்துக்குப் பூ தரும். தோட்டக்காரர் மெஷினை வைத்துப் பெட்டி மாதிரி சதுரமாக வெட்ட வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், வளைந்து தொங்கும் கிளைதான் இந்தச் செடியின் அழகே.

புல்தரை உரத்தில் தழைச்சத்து அதிகம், இலைதான் பெருகும், நிறுத்திவிடுங்கள். கவாத்து முடிந்ததும் மக்கிய உரம் போதும். தூரைச் சுற்றி கிக்குயூ புல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் அக்டோபர் வரை பெரிதாக மழை இருக்காது, அதனால் மொட்டு வீங்கும் ஆகஸ்டில் வாரம் ஒருமுறை வேர் வரை இறங்கும்படி தண்ணீர் விடுங்கள். நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும், மதில் நிழலில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பெரிதாக உதவாது.

தங்கைக்குப் போத்து வேண்டாம். இந்தச் செடிக்கு நல்ல குளிர் பட்டால்தான் மொட்டு விழிக்கும். லெனேசியாவின் உறைபனி அதற்கு நல்லதே செய்கிறது, டர்பன் கடலோரச் சூட்டில் வெறும் இலையாகத்தான் நிற்கும். அங்கே வசந்தத்தில் பூக்க ப்ரன்ஃபெல்சியா வைக்கச் சொல்லுங்கள், நர்சரியில் யெஸ்டர்டே டுடே டுமாரோ என்று கேட்டால் தருவார்கள். ஊதாவாக விரிந்து, வெளிறி, வெள்ளையாகும், ஒரே செடியில் மூன்று நிறமும் இருக்கும். ஆனால் வீட்டில் நாய் இருந்தால் அதுவும் வேண்டாம். அதன் காயும் விதையும் நாய்க்குக் கடும் விஷம்.